வாடாமல்லிக் கலரில் இருபத்து நாலு

உட்காருங்கள் அண்ணாச்சி. இந்த நாற்காலியெல்லாம் நமக்கென்று போட்டதுதான். பெண்களுக்குக் கவுண்டர், நமக்கு நாற்காலி. பையை இப்படி நடுவில் வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் எங்கேயும் போகப்போவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வந்துவிட்டேன். இந்த மாடியில் அசையாமல் இருப்பது நானும் இந்தத் தூணும்தான்.

அது உங்கள் மகளா, பச்சைச் சுடிதார்? என்ன வயது? பதினெட்டா. முடிந்துவிட்டதா, நடக்கிறதா? தப்பாக நினைக்காதீர்கள், காரணமாகத்தான் கேட்கிறேன். உயரம் எவ்வளவு இருக்கும்? தெரியாதா? பெற்ற அப்பாவுக்கு மகள் உயரம் தெரியாதா அண்ணாச்சி? சரி விடுங்கள். யார் யாரைச் சொல்வது.

நானும் மகளுக்குத் துணி எடுக்கத்தான் வந்திருக்கிறேன். மடியில் இருக்கிறது பாருங்கள், இரண்டு. இது பாவாடை தாவணி செட்டு. மயில்கழுத்துப் பாவாடை, மாம்பழ மஞ்சள் தாவணி. இது பட்டுப் பாவாடை சட்டை, இதுவும் மயில்கழுத்துதான், இருபத்தெட்டாம் நம்பர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. இல்லை இல்லை, இரண்டு பேர் இல்லை. ஒருத்திதான். உலகம்மாள். வீட்டில் உலகு. பள்ளிக்கூடத்தில் ‘வேர்ல்டு மேப்’ என்று கூப்பிடுகிறார்கள் என்று போனில் ஒரே அழுகை. பேரை மாற்று என்றாள். பெரியவளானதும் நீயே மாற்றிக்கொள் என்றேன்.

அவள் இல்லை அண்ணாச்சி. ஒன்பது வயதில் போய்விட்டாள். தீபாவளி கழிந்து கார்த்திகையில், டெங்கு. இருந்தால் உங்கள் மகள் வயது. பதறாதீர்கள், ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நான் அழுகிற ஆள் இல்லை. துணி விஷயமாகத்தான் பேசுகிறேன்.

நீங்கள் எந்த ஊர்? திருச்சியா. மாமியார் வீடு இங்கே. அப்படியானால் இது உங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் கலியாணமாகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால் அவள் வீட்டைவிட்டுப் போகமாட்டாள். அந்த வீட்டுக்குக் கன்னியாக இருப்பாள். பூசை அலமாரியில் அவளுக்கு ஓர் ஓலைப்பெட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் வகையறாவில் தீபாவளிக்கு முந்தின நாள், புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், வளையல், சாந்துப்பொட்டு, பவுடர், சின்னதாக ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாம் வாங்கி அந்தப் பெட்டியில் வைத்துக் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் புதுத்துணியைத் தொடலாம். போன வருஷத்துத் துணியை வெளியே எடுத்துச் சொந்தத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட வேண்டும். கறுப்பு ஆகாது, வெள்ளை ஆகாது. மற்றபடி எந்தக் கலரும் எடுக்கலாம், பளிச்சென்று இருந்தால் போதும்.

நான் மஸ்கட்டில் பதினாலு வருஷம் இருந்தவன். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் வைப்பது என்று வந்துவிட்டால் அளவாக வைக்க வேண்டும். அதுதான் என் பேச்சு. அதில்தான் வீட்டில் சண்டை.

அங்கே எனக்கு அளவெடுக்கிற வேலை. அலுமினிய ஜன்னல். கட்டுகிற வீட்டுக்கு நேரில் போய் ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவு எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் கண்ணாடி உட்காராது. டேப்பைப் போடுவதற்கு முன்னாலேயே கண்ணால் சொல்லிவிடுவேன், நாலடி இரண்டங்குலம் என்று. எங்கள் ஃபோர்மேன் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒரு விதி சொன்னார். சந்தேகம் வந்தால் பெரிசாக எடு. பெரிசை வெட்டிச் சின்னதாக்கலாம். சின்னதாக எடுத்தால் கண்ணாடியைத் தூக்கி எறிய வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

அதைப் பிள்ளை துணியில் நான் மறந்துவிட்டேன், பாருங்கள்.

கடைசித் தடவை நான் லீவு முடிந்து போகும்போது அவளுக்கு ஏழரை வயது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு வருவதாகத்தான் இருந்தது. ஒரு பெரிய வீட்டு வேலை, முப்பத்தாறு ஜன்னல், முடித்துவிட்டுப் போ என்றார்கள். தை மாசம் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். துணியை மட்டும் ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டேன். ஆரஞ்சுக் கலர் பட்டுப் பாவாடை, இருபத்து நாலாம் நம்பர். கடையில் வயது கேட்டான். நான் கையைக் காட்டினேன். என் சட்டையில் மூன்றாவது பித்தானுக்கு வருவாள், இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவன் எடுத்துக் கொடுத்தான்.

தீபாவளி அன்றைக்குப் போட்டோ வந்தது. பாவாடையை வட்டமாக விரித்து நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பூ மாதிரி. ரூமில் எல்லாருக்கும் காட்டினேன். போனில் கேட்டேன்.

“சேந்துச்சாம்மா?”

“சேந்துச்சுப்பா. சூப்பரா இருக்கு.”

“நின்னு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லேன்.”

“உக்காந்தாத்தாம்ப்பா அழகா இருக்கு.”

கார்த்திகையில் நான் வந்து சேர்ந்தது நாலாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. வைத்திருக்க முடியாதாம். சரி. அலமாரியைத் திறந்தால் அந்த ஆரஞ்சுப் பாவாடை இருந்தது. அடி மடிப்பை முழுசும் பிரித்துவிட்டிருந்தாள் என் வீட்டுக்காரி. அதற்கு மேல் இறக்கத் துணி இல்லை. அப்படியும் முழங்காலுக்குத்தான் வந்திருக்கும். உட்கார்ந்து ஏன் போட்டோ எடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் ஒரு பிள்ளை அவ்வளவு வளரும் என்று ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

என்ன அறிவிப்பு அது? மஞ்சள் கவுன் போட்ட மூன்று வயதுக் குழந்தையா? கிடைத்துவிடும். கீழே கேஷ் கவுண்டரில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்திருப்பார்கள். காலையிலிருந்து இது நாலாவது. எல்லாம் கிடைத்துவிட்டது.

எங்கே விட்டேன்? அளவு. அதனால் முதல் வருஷம் நான் முப்பது எடுத்தேன். ஒன்பது வயதில் இருபத்தெட்டு என்றால் பத்து வயதில் முப்பதுதானே. கிளிப்பச்சை. வடிவு பார்த்தாள். வடிவு என் வீட்டுக்காரி, சண்முகவடிவு. “இது பெருசு” என்றாள். “வளந்திருப்பால்லா” என்றேன். ஓரம் அடித்து வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் மிஷின் இருக்கிறது. அடுத்த வருஷம் முப்பத்திரண்டு, மிட்டாய் ரோஸ். அப்புறம் முப்பத்து நாலு, அரக்கு. அப்புறம் காப்பிக்கொட்டைக் கலர். அது சரிவரவில்லை, பிள்ளைக்கு மங்கலாக இருந்தது. அடுத்து ராமர் பச்சை. முப்பத்தெட்டுக்கு மேல் ரெடிமேடு கிடையாது, இனிமேல் தாவணி செட்டுதான் என்றார்கள். சரியென்று தாவணிக்கு மாறினேன். சந்தனம், கத்தரிப்பூ, குங்குமம், எல்லாம் எடுத்தாயிற்று. வாடாமல்லி மட்டும் எடுத்ததில்லை.

என்ன கலர் அவளுக்குப் பிடிக்கும் என்று வடிவிடம் வருஷாவருஷம் கேட்பேன். அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி. கூடவே இருந்தவளுக்குத் தெரியாதா? சொல்லமாட்டாள். “உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க. அவளும் அதைத்தான சொல்லுவா” என்பாள். அது என்ன பதில்?

ஆனால் அளவை நான் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. அது என் தொழிலுக்கே அடுக்காது. எங்கள் தெருவில் சேவியர் வாத்தியார் மகள், ஜெனிட்டா என்று பேர், உலகு கூடப் படித்த பிள்ளை. ஒரே வகுப்பு, ஒரே உயரம், வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள் என்று வடிவு சொல்லியிருக்கிறாள். வருஷாவருஷம் புரட்டாசி கடைசியில் வாத்தியார் வீட்டுக்குப் போவேன். “பாப்பா இப்ப எவ்வளவு உயரம் சார்?” அவ்வளவுதான் கேள்வி. முதல் இரண்டு வருஷம் அவரே சுவரில் நிறுத்தி அளந்து சொன்னார். நல்ல மனுஷன். டீச்சரம்மா காப்பி கொடுப்பார்கள். பிள்ளையின் தோள் அகலமும் தெரிந்தால் சட்டைக்குச் சரியாக இருக்கும் என்று ஒரு வருஷம் கேட்டேன். ஆறாவது வருஷம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்களைக் கண்டா பிள்ளை உள்ள போயிருது. அவளுக்கு ஒரு மாதிரியா இருக்காம். இனிமே கேக்க வேண்டாம்.”

“உயரம் மட்டும்தான சார்.”

“அதான் அண்ணாச்சி. அதைத்தான் சொல்லுதேன்.”

உயரம் கேட்டது ஒரு குற்றமா, சொல்லுங்கள். அடுத்த வருஷமே வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு நாகர்கோவில் பக்கம் போய்விட்டார்கள். வேலை மாற்றல் என்றார்கள். இருக்கும். அதற்குப் பிறகு எனக்குப் பிடிமானம் இல்லை. பஸ் ஸ்டாண்டில், கோயிலில், அந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்து மனசுக்குள் எடுத்துக்கொள்வேன். ஆளாளுக்கு ஓர் உயரமாக இருக்கிறார்கள். ஒன்றும் தேறவில்லை.

இந்த அக்கா நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பார்த்தீர்களா? காலையிலிருந்து இவர்கள்தான் எனக்கு எடுத்துப் போடுகிறார்கள். போன தடவை இந்தப் பக்கம் வந்தபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? “அண்ணாச்சி, ரெண்டையும் மடியில வச்சுத் தாலாட்டிக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணைப் பில்லுக்குக் குடுங்க, ஒண்ணை என்கிட்டக் குடுங்க.” நல்ல அம்மா. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம்தான் அது நடந்தது. வழக்கமாக வடிவுதான் பெட்டியைத் திறப்பாள், பழையதை எடுத்து அவள் தங்கை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவாள். அங்கே சின்னதாக ஒரு பிள்ளை இருந்தது. போன வருஷம் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளை பயப்படுகிறதாம், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறதாம். அதனால் பழைய துணி என் கைக்கு வந்தது, கோயிலில் யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள் என்று. கத்தரிப்பூக் கலர். போகிற வழியில் எதேச்சையாகப் பிரித்தேன்.

நான் எடுத்தது தாவணி செட்டு அண்ணாச்சி. கையில் இருந்தது சின்னப் பாவாடை. அதே கத்தரிப்பூ, அதே கரை. ஆனால் சின்னது. என்னிடம் டேப் எப்போதும் இருக்கும். ரோட்டோரத்தில் நின்று அளந்தேன். இருபத்தெட்டு. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எத்தனை வருசமா இது?”

“மொத வருசத்துல இருந்து.”

“எல்லாத்தையுமா வெட்டினே?”

“நீங்க எடுத்த கலர்தான. அளவு மட்டுந்தான் என்னுது.”

எப்படி இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் நான் கடை கடையாக ஏறி எடுத்து வந்ததை மிஷினில் போட்டு வெட்டியிருக்கிறாள். வெட்டின மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறாளாம். அவள் தலையணைக்குள். நானும் பார்க்கிறேன், இந்த மனுஷி ஏன் இவ்வளவு கனமான தலையணையில் படுக்கிறாள் என்று. என்னை ஏமாற்றியிருக்கிறாள் அண்ணாச்சி, எட்டு வருஷம். ஓரம் அடிக்கிறேன், ஓரம் அடிக்கிறேன் என்று.

“வளரவே கூடாதா எம்பிள்ளை?” என்று சத்தம் போட்டேன்.

அப்போதுதான் திரும்பினாள். “வளத்துக்கிட்டே போறீங்களே, வளந்தா கட்டிக்குடுக்கணும்லா? கட்டிக்குடுத்தா இந்தப் பெட்டியில இருப்பாளா? ஒங்களுக்கு என்ன, இல்லாம இருந்து பழக்கம். எனக்கு அவ வீட்டுல வேணும்.”

படிக்காதவள் பேச்சு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் சொன்னதில் ஒன்று சரி. கன்னிக்குச் சேலை கிடையாது. பாவாடையும் தாவணியும்தான். உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் சேலை எடுப்பீர்கள். எனக்குத் தாவணியோடு நின்றுபோகிறது. அதற்கு மேல் நான் என்ன எடுப்பேன்? அதை நினைத்து வைக்கவில்லை.

கல்மனசுக்காரி அண்ணாச்சி. ஒன்பது வருஷத்தில் என் முன்னால் ஒரு தடவை அழுதிருப்பாளா? கிடையாது.

இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை, மிஷினை மூடிப்போட்டு நாலு மாசம் ஆகிறது. “இந்தத் தடவை என்னால வெட்ட முடியாது” என்றாள். “இருபத்தெட்டு வாங்கிட்டு வந்தா நாளைக்குப் பெட்டியில வைக்கேன். வேற அளவுன்னா பெட்டியைத் திறக்க மாட்டேன். எந்தக் கலர்னாலும் சரி.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு போனால் முடிந்தது. இதோ மடியிலேயே இருக்கிறது. எழுந்து போய்ப் பில் போட வேண்டியதுதான். ஆனால் அண்ணாச்சி, அந்த இருபத்தெட்டை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வயதில் அவள் எப்படி இருந்தாள், நின்றால் எனக்கு எதுவரை வருவாள், ஒன்றும் தெரியாது. போட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள். வடிவு பார்த்தது அது. அதை வாங்கிக்கொண்டு போனால் யாருடைய பிள்ளைக்கோ வாங்கின மாதிரி இருக்கிறது. பெரிசாக எடுத்தாலாவது, இனிமேல் வரப்போகிறது, நானும் பார்க்காதது, வடிவும் பார்க்காதது, இரண்டு பேரும் சமம் என்று ஒரு இது இருந்தது.

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கலாமென்று. துணியை உங்கள் மகள்மேல் வைக்க வேண்டாம். ஆகாது, எனக்குத் தெரியும். அந்தத் தூண் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். இங்கிருந்தே கண்ணால் எடுத்துவிடுவேன். பதினெட்டு வயது எவ்வளவு என்று ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டேனென்றால் தாவணியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பெட்டியைத் திறக்காவிட்டால் போகிறாள்.

இதோ அவளே வருகிறாள். வாம்மா. எது கேட்கிறாள்? இந்த நீலமா, அந்தச் சிவப்பா என்று கேட்கிறாள் அண்ணாச்சி. ‘ரெண்டும் நல்லாருக்கு’ என்கிறீர்களே, நிமிர்ந்து பார்த்தீர்களா? அம்மா, சிவப்பு உனக்கு எடுப்பாக இருக்கும். ஒரே ஒரு உதவி. அந்தத் தூண் பக்கம் போய் ஒரு நிமிஷம் நிற்கிறாயா? ஒன்றுமில்லை, என் மகளுக்கு அளவு பார்க்க. உன் வயதுதான்.

ஆங். அப்படித்தான். நல்ல பிள்ளை.

ஐந்தடி மூன்று. மூன்றேகால். தோள் பதினாலு.

சரிம்மா. போதும். போ, அம்மா தேடுவார்கள்.

இல்லை அண்ணாச்சி, ஒன்றுமில்லை. அளவு கிடைத்துவிட்டது. அளவெல்லாம் கிடைத்துவிட்டது. அந்த உயரத்தில் உலகு முகத்தை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. கீழே இறங்கி வந்துவிடுகிறது. எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? இங்கே. மூன்றாவது பித்தானில். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாளே, அந்த உயரத்தில். அன்றைக்கு வாடாமல்லிக் கலர்ப் பாவாடை கட்டியிருந்தாள். அவள் போட்டு நான் கடைசியாகக் கண்ணால் பார்த்தது அதுதான்.

யக்கா! இங்கே வாருங்கள். இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், இரண்டையும்தான். வாடாமல்லியில் பட்டுப் பாவாடை இருக்கிறதா? இருபத்து நாலு. ஆமாம், இருபத்து நாலுதான். ஏழரை வயது.

தெரியும் அண்ணாச்சி. நீங்கள் சொல்ல வேண்டாம். வடிவுக்குக் கண்தான் மங்கல், கை மங்கவில்லை. இடுப்புப் பட்டையைத் தொட்ட உடனே சொல்லிவிடுவாள். நாளைக்குப் பெட்டியைத் திறக்க மாட்டாள். பெரிசாக இருந்தால் என்றைக்காவது யாரையாவது பிடித்து வெட்டிக்கொள்ளலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது.

இதுதான். இந்தக் கலர்தான். பில் போட்டுவிடுங்கள் அக்கா.

என்ன சொல்கிறார்கள் கேட்டீர்களா? “பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருந்தா போட்டுப் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி. பரவால்ல, சேராட்டி மூணு நாளைக்குள்ள மாத்திக்கிடலாம். பில்லை மட்டும் பத்திரமா வச்சுக்கிடுங்க.”

சேராது அக்கா. மாற்றவும் வரமாட்டேன். பில் வேண்டாம்.